நான்கு மாலை தின்ற பொத்தான் கணக்கு

பையில் 5 சிவப்பு, 3 நீலம், 2 பச்சைப் பொத்தான்கள். திரும்பப் போடாமல் இரண்டு எடுத்தால் ஒன்று சிவப்பும் ஒன்று நீலமுமாக இருக்க நிகழ்தகவு என்ன? நேற்று இரவுதான் 1/3 வந்தது. இதற்கா நான்கு மாலை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எனக்குப் பெருக்கலில் தகராறு இல்லை, சுருக்கும் வெறிதான் கெடுத்தது. 5/10 என்று எழுதிய கை உடனே அதை 1/2 ஆக்கிவிடும். பின்னம் அழகாகிவிடுகிறது, பையில் பத்து இருந்தது என்ற தகவல் அதோடு போய்விடுகிறது. முதல் நாள் 1/2 × 3/10 என்று எழுதி 3/20-இல் நின்றேன். அடுத்த பகுதி 9 என்று 1/2-ஐப் பார்த்து யாருக்கு நினைவு வரும்?

இப்போது கடைசிப் பின்னத்தை எழுதும்வரை எதையும் தொடுவதில்லை. உதாரணமாக, மூன்று எடுத்து மூன்றும் சிவப்பாக வர 5/10 × 4/9 × 3/8: தொகுதியும் பகுதியும் ஒவ்வொன்றாகப் படியிறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஆசை தீர அடிக்கலாம். 5-க்கு 10, 4-க்கு 8, 3-க்கு 9. கீழே 2 × 3 × 2 மட்டும் மிஞ்சும். 1/12. 60/720 பக்கமே போக வேண்டாம்.

முதல் கணக்கை அப்படித் திருத்தியும் 5/10 × 3/9 = 1/6 என்றுதான் வந்தது. நம்பிக்கையோடு 60 முறை எடுத்துப் பார்த்தேன். 10 வர வேண்டிய இடத்தில் 22! பொத்தான்மேல் பழி போட்டேன். நீலம் சற்றுப் பெரியது, விரலுக்குத் தெரிந்துவிடும். (வாங்குபவர்கள் கலவைப் பொட்டலத்தைத் தவிர்க்கவும், ஒரே அளவில் நிறத்துக்கு ஒரு பொட்டலம்.) மாற்றி எடுத்தும் 19. அப்போதுதான் உறைத்தது: நீலம் முதலிலும் வரலாமே! 3/10 × 5/9, அதுவும் 1/6. இரண்டையும் கூட்ட வேண்டும்.

எங்கே பெருக்குவது, எங்கே கூட்டுவது என்று குழம்பும்போது நம் பழைய பின்னப் பெயர்களை நினைத்துக்கொள்கிறேன். அரைக்கால் பெருக்கல்: 1/2 × 1/4. மாகாணி கூட்டல்: மாவும் காணியும், 1/20 + 1/80 = 1/16. ஒரு வரிசைக்குள் அரைக்கால், வரிசைகளுக்கிடையே மாகாணி.

அடுத்து, 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இன்னொரு மேதையான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் வரும் பகடைக் கணக்கு. ஒரு பகடையை நான்கு முறை வீசி ஒரு முறையேனும் ஆறு விழ 671/1296, அது எளிது. இரண்டு பகடையை 24 முறை வீசி ஒரு முறையேனும் இரட்டை ஆறு விழுவதற்கு 35/36-ஐ 24 தடவை பெருக்கி, வருவதை 1-இலிருந்து கழிக்க வேண்டும். பொதுக் காரணியே கிடையாது, ஒன்றும் அடிபடாது. எனக்கேற்ற தண்டனை. பகடை வாங்கியாயிற்று.

ஆனால் மூன்று எடுத்தால் மூன்று நிறமும் வரும் கணக்கு இன்னும் பாதியில் கிடக்கிறது. வரிசைகள் ஆறு. முதல் வரி 5/10 × 3/9 × 2/8 என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஐந்தும் எழுதும்வரை தொடக் கூடாது; கை அரிக்கிறது.