கல்யாண மண்டபத்தில் ஏன் இவ்வளவு இரைச்சல்?

மண்டபம் கட்டுகிறவர்கள் ஏசி, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், ஆனால் உள்ளே நாலு பேர் உட்கார்ந்து பேச முடியுமா என்று பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்கள் மண்டபத்துக்குள் வந்ததும் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். சொந்தபந்தம் பேசத்தானே வருகிறோம்?

முன்பு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதியில், திறந்த வெளியில் ஒலிக்கும் வாத்தியங்கள். பந்தலில் நாலு பக்கமும் திறந்திருப்பதால் சத்தம் வெளியே போய்விடும். அதே தவிலை டைல்ஸ், கிரானைட், கண்ணாடி, கான்கிரீட்டுக்குள் கொண்டுவந்து, மைக்கும் வைத்தால் என்ன ஆகும்? ஒலி போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். இதைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம்.

இதைக் கணக்கிட வழி சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின். 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யும்படி அவரிடம் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவருடைய சூத்திரத்தில் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள ஒரு சாப்பாட்டுக் கூடத்தைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே வழவழப்பான கடினப் பரப்பு என்றால், காலியாக இருக்கும்போது ஒலி அடங்க ஏறக்குறைய 7 வினாடி. 100 பேர் பந்தியில் உட்கார்ந்தால் அவர்களுடைய உடம்பும் துணியும் உறிஞ்சி 2 வினாடியாகக் குறையும். அதே 100 பேர் இருக்க, கூரையில் மட்டும் நல்ல ஒலி உறிஞ்சும் பலகை போட்டால் 0.6 வினாடி! பேச்சுக்கு 1 வினாடிக்குள் இருந்தால் நல்லது. இரைச்சலும் 5 டெசிபல் குறையும், அப்புறம் இரைச்சல் குறைந்தால் மனிதர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள், அதனால் இன்னும் குறையும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: அழகுக்குப் போடும் சாதாரண ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் பேச்சொலியை அவ்வளவாக உறிஞ்சாது. துளையிட்ட பலகை, அதற்கு மேலே கண்ணாடி இழையால் ஆன கம்பளி (கிளாஸ் வூல்), அப்படிக் கேட்டு வாங்க வேண்டும். கூடுதல் ஸ்பீக்கர் வைப்பது தீர்வே இல்லை, நிலைமை இன்னும் மோசமாகும். மண்டபம் கட்டப்போகிறவர் யாராவது தெரிந்தால், சீலிங் ஒப்பந்தம் போடும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.