ஃபிரிட்ஜ் ஷாக்ல ஆரம்பிச்சு எர்த் குழி வரைக்கும்

ஃபிரிட்ஜ் கைப்பிடிய தொட்டா சுர்ருங்குதுடான்னு அம்மா ரெண்டு மாசமா சொல்லிட்டே இருந்தாங்க, நானும் செருப்பு போட்டுக்கம்மான்னு சொல்லிட்டே இருந்தேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. டெஸ்டர் வச்சா மங்கலா எரிஞ்சுது. தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து த்ரீ பின் சாக்கெட்ட கழட்டி, ஒரு விரல் நீளம் ஒயர வெட்டி நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) எர்த்துக்கும் (கசியற கரண்ட மண்ணுக்கு அனுப்புற ஒயர்) லூப் அடிச்சு, அதாவது ரெண்டையும் சேத்துட்டு 300 ரூபா வாங்கிட்டார். ஷாக் போயே போச்சு. நான் வேற குஷியாகி, வாஷிங் மெஷினுக்கும் அப்படியே பண்ணிடுங்கண்ணேன்னு சொன்னேன்.

யாராவது உங்க வீட்ல இந்த லூப் அடிக்க வந்தா தயவுசெஞ்சு விடாதீங்க.

ஐப்பசி மழைல ஒரு ராத்திரி கரண்ட் போச்சு, ஆனா எதிர்வீட்ல லைட் எரியுது. நம்ம ஃபியூஸ்தான் போலன்னு சாக்கெட்ல டெஸ்டர விட்டா ரெண்டு ஓட்டைலயும் எரியுது. வயித்தக் கலக்கிடுச்சு. ஃபிரிட்ஜ் மேல வச்சேன், பளிச்னு எரியுது. போஸ்ட்ல நியூட்ரல் கட்டாகியிருக்கு, ஆன்ல இருந்த ஃபேன் வழியா பேஸ், அதாவது உள்ள வர்ற கரண்ட், நியூட்ரல் ஒயருக்குள்ள ஏறி, அந்த விரல் நீள ஒயர் வழியா ஃபிரிட்ஜ் தகரத்துல வந்து நிக்குது. வீட்ல ஒரு பல்ப் எரியல, ஆனா ஃபிரிட்ஜ தொட்டா ஆள் காலி. அம்மா அதுக்குப் பக்கத்துலதான் டார்ச் தேடிட்டு இருந்தாங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு அப்படியே உக்காந்துட்டேன். காலைல லைன்மேன் வந்து பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டார்.

எர்த் விஷயமா இ.பி. ஆபீஸ் போனது வேஸ்ட். ஒரு டேபிள்ல மனு எழுதச் சொன்னாங்க, எழுதிட்டுப் போனா அடுத்த டேபிள்ல, மீட்டருக்கு அந்தப் பக்கம் எங்க வேலை இல்ல சார்ங்கறாங்க. ரூல் அதுதான், வீட்டு எர்த் நம்ம பொறுப்பு, ஒத்துக்கறேன். மொத டேபிள்லயே சொல்லியிருந்தா அரைநாள் லீவு மிச்சம்.

அப்புறம்தான் ஐடிஐ வாத்தியாரா இருந்து ரிட்டையரான மாமா வந்தார். எர்த் ஒயர பிடிச்சுட்டே போனா, அது கொல்லைப்பக்கம் பழைய ஜி.ஐ. தண்ணி பைப்புல ஒரு கிளாம்ப்புல முடியுது. வீடு கட்டினப்ப அந்த பைப் மண்ணுக்குள்ள போச்சு, அதுவே எர்த்தும் ஆச்சு. பத்து வருஷம் முன்னாடி துருப்பிடிச்சுதுன்னு பிவிசி மாத்தினோம், செவுத்துல ரெண்டடி துண்டு மட்டும் நிக்குது. அத்தன வருஷமும் எங்க வீட்டுக்கு எர்த்தே இல்ல!

புதுக் குழி தோண்டினா அஞ்சடில பாறை. பாத்ரூம் தண்ணி போற வாழைப் பக்கம் மாத்தினோம், ஈரம் இருந்தாதான் எர்த் நல்லா நிக்குமாம். கடைக்காரர் ஆறடி பைப்ப தலைல கட்டினார், மாமா திருப்பி அனுப்பிட்டார், எர்த்திங்குக்கான இந்திய ஸ்டாண்டர்ட் ஐ.எஸ். 3043ல 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்கு மேல. கரி, உப்பு போட்டு மூடினதும் புது எலக்ட்ரீஷியன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் பல்ப் போட்டு, பாருங்க சார் சூப்பர் எர்த்னார். அந்த பல்புக்கு அரை ஆம்பியர் கூட வேணாம், எர்த்ல 50 ஓம் தடை இருந்தாலும் இப்படித்தான் எரியும்யான்னு மாமா சிரிச்சுட்டு, எர்த் டெஸ்டர் கடன் வாங்கிட்டு வந்து பார்த்தார். 18 ஓம். பேஸ் நேரா ஃபிரிட்ஜ் தகரத்துல பட்டாலும், 230 வோல்ட்ட அந்த 18ஆல வகுத்துப் பாருங்க, 13 ஆம்பியர் கூட வராது, ஓவர் கரண்ட் போனா தானா விழற 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. அதனாலதான் போற கரண்டுக்கும் திரும்பற கரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கட் பண்ற ஆர்சிசிபி கட்டாயம் வேணும்னார்.

அதையும் மாட்டினோம். ஃபேன், லைட் எல்லாம் ஓடுது, அயர்ன் பாக்ஸ் போட்டா டப்புன்னு விழுது. ஆர்சிசிபி பீஸே டிஃபெக்ட்னு நம்பி கடைக்கு அலைஞ்சேன், அது நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டு லூப்பையும் ஏற்கனவே கழட்டியாச்சு, வேற எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டுது, லோடு ஏறினா கரண்ட்ல கொஞ்சம் எர்த் வழியா திரும்புது, அதான் விழுதுன்னார் மாமா. ஒவ்வொரு பாயின்ட்டா திறந்தா கிரைண்டர் சாக்கெட்ல மூணாவது லூப், நான் கேக்காமலே போட்டுட்டுப் போயிருக்கார் அந்தத் தெருமுனை மனுஷன்!

மூணு துண்டு ஒயரையும் மீட்டர் போர்டு மேலயே வச்சிருக்கேன், அண்ணன் இந்தப் பக்கம் வரட்டும்.