ஸ்குரூ டிரைவர் பிடி வரை இறங்கிய தெ ஷெவோ

பிரான்சின் நார்மாந்தியில் ஒரு பண்ணை வீட்டின் மண்தரைக் கொட்டகையில் 11 ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்த, 1984ஆம் ஆண்டு சித்ரோயன் தெ ஷெவோ (2CV) சிக்ஸ் ஸ்பெசியால் காரின் எஞ்சினைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி போட்டுச் சுற்றியே கிளப்பிவிட்டேன். அதற்கு 20 நிமிடம் முன்புதான் அதே வண்டியின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், என் ஸ்குரூ டிரைவர் பிடி வரை இறங்கியிருந்தது. வாங்குவதா விடுவதா என்று மாத இறுதிக்குள் சொல்ல வேண்டும் என்று உரிமையாளரான மூதாட்டி கேட்டிருந்தார்.

எஞ்சின் ஓடியதைப் பற்றி அதிகம் பெருமை பேசுவதற்கில்லை. 602 சிசி, இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் அமைப்பு. ரேடியேட்டரும் இல்லை, ஹெட் கேஸ்கெட்டும் இல்லை. காற்றாடியைக் கழற்றி, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பாயின்டை, அதாவது தீப்பொறிக்கான மின்தொடுப்பை, தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, புட்டியிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் விட்டதும் ஆறாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஆயினும் எஞ்சின் ஓடுகிறதே என்று மயங்கி இந்த இனத்து வண்டியை வாங்கியவர்கள்தாம் அதிகம் ஏமாந்திருக்கிறார்கள். முன்பு இதே இனத்துத் தியான் என்ற சித்ரோயன் வண்டியை வாங்கிய நானும் அவர்களில் ஒருவன்.

ஆகவே இம்முறை நாள் முழுவதையும் சேஸிஸுக்கே ஒதுக்கியிருந்தேன். முதலில் சிறு சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு 'டங்' என்று மறுமொழி சொல்லும். இற்றுப்போன தகடு நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டியது போல 'தப்' என்று அடங்கிவிடும். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே ஒலி அடங்கிய இடத்தில், கறுப்புத் தார்ப்பூச்சுக்கு அடியில் யாரோ பழைய துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். ஒட்டுத் தகடு உறுதியாகத்தான் இருந்தது. அது பற்றிக்கொள்வதற்குப் பின்னால்தான் எதுவும் இல்லை. அந்த ஒட்டின் விளிம்பில்தான் ஸ்குரூ டிரைவர் இறங்கியது.

ஆன ஓட்டை வீணாக வேண்டாம் என்று, கைப்பேசியில் பொருத்தும் சிறு கேமராக் குழாயை அதன் வழியாகவே உள்ளே விட்டேன். மூடிய பெட்டியாக அமைந்த இந்தச் சேஸிஸ் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பது தெரிந்ததே என்றாலும், திரையில் கண்டது வயிற்றைக் கலக்கியது. துருப் பொருக்கு வீச்சுப் பரோட்டாவைப் போல அடுக்கடுக்காக உப்பி, ஓரிடத்தில் மேல்தகட்டையே முட்டிக்கொண்டிருந்தது. மண்தரையின் ஈரம் கீழிருந்து ஏறி ஏறி வேலையை முடித்துவிட்டது. கூரையின் கீழ் நின்ற வண்டி என்பதால் துரு குறைவாக இருக்கும் என்று எண்ணுபவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வளைவு. தூண்டில் நரம்பின் இரு முனைகளையும் 20 மில்லிமீட்டர் கட்டைகளின் மேல் வைத்துச் சேஸிஸின் அடிப்பரப்பில் காந்தத்தால் பொருத்தி, நரம்புக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை வரிசையாக அளந்தேன். எங்கும் 20 இருக்க வேண்டிய இடத்தில், இருக்கைக்குக் கீழே 11தான் இருந்தது; அதாவது நடுப்பகுதி 9 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. ஓட்டுநர் கதவும் அதையே சொன்னது: மேல் இடைவெளி ஒடுங்கியும் கீழ் இடைவெளி விரிந்தும், கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது.

இங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பேன். ஆனால் புறப்படுமுன், சேஸிஸின் குறுக்கே நீளப் பலகை ஒன்றை வைத்து, அதன் நடுவில் ஜாக்கியைக் கொடுத்து மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 11 என்ற இடம் 18 ஆனது; கதவு ஒற்றை விரலால் தள்ளியதற்குச் சாத்திக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது: சேஸிஸ் இற்றுப்போயிருந்தாலும் அதன் மேல் நிற்கும் கூடு, அதாவது கதவுகளைத் தாங்கும் மேலுடல், தன் வடிவத்தை இழக்கவில்லை. கூடே கோணியிருந்தால், கீழே தாங்கியவுடன் கதவு இப்படித் திரும்பி வந்திருக்காது.

தெ ஷெவோவுக்குச் சேஸிஸ் போவது சாவு அல்ல. கூடு போல்ட்டால்தான் அதன் மேல் பூட்டப்பட்டிருக்கிறது. புதிய சேஸிஸ் இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. மார்செய்க்கு அருகே கசீஸில் உள்ள மெஹாரி கிளப் என்ற கடையில் இந்த வண்டிக்கான உதிரிப் பாகங்களை இத்தனை காலம் கடந்தும் வாங்க முடிகிறது. பாரிஸை ஒட்டிய லெவல்லுவா-பெரே தொழிற்சாலை 1988இலும், கடைசி வண்டி இறங்கிய போர்ச்சுகலின் மங்குவால்தே 1990இலும் இவ்வண்டியின் உற்பத்தியை நிறுத்தியதை நினைத்தால் இது சிறிய பேறல்ல. அன்றிரவே அவர்களுடைய பட்டியலைத் திறந்து, சேஸிஸைப் பார்க்கப் போனவன் கூரைத் துணிக்கு எந்த நிறம் என்பதில் ஒரு மணி நேரத்தைக் கழித்தேன். “வண்டியே இன்னும் வாங்கவில்லை, அதற்குள் துணி எடுக்கிறீர்களா?” என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எளிதில் மாற்ற முடியாத இடம் கூடு. அதிலும் கதவுக் கீல்களைத் தாங்கும் முன் தூண்களின் அடியும், கண்ணாடிக்குக் கீழே, உள்ளே காற்று வரத் திறக்கும் காற்று மூடி உள்ள தகடும்தான் எனக்கு அச்சம் தருபவை. அவற்றுக்கும் தகடு வாங்கலாம். ஆனால் தூண் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கதவு, கண்ணாடி, பானெட் எல்லாம் ஒன்றோடொன்று சண்டையிடத் தொடங்கும். இந்த வண்டியில் இடப்பக்கத் தூணின் அடி உள்ளங்கை அகலத்துக்குப் போயிருக்கிறது. வலப் பக்கம் நன்றாக இருக்கிறது. காற்று மூடியின் கீழ் ஊசித் துளைகள் மட்டுமே. தரைத் தகடு முழுவதும் சல்லடை, ஆனால் அது தட்டையான வேலை.

பிரேக் தனிக் கதை. 1981க்குப் பிறகு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்ததால், இதில் எல்எச்எம் எனப்படும் பச்சை நிறக் கனிம எண்ணெய்தான் இருக்க வேண்டும். தொட்டியில் இருந்ததோ மற்ற கார்களில் ஊற்றும், மஞ்சள் நிறச் சாதாரண டாட் பிரேக் திரவம். யார் ஊற்றினார்களோ தெரியாது. அது பட்ட ரப்பர் எல்லாம் ஊதிப் போயிருக்கும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பர் வரை எல்லாவற்றையும் மாற்றுவதாகவே கணக்கில் எழுதிவிட்டேன். கேட்ட விலையில் 300 யூரோ குறைத்துக்கொள்ளும்படி சொல்ல இதுவே போதுமான காரணமாயிற்று. மூதாட்டியும் தகராறு செய்யாமல் ஒப்புக்கொண்டார்.

30 ஆண்டு கடந்துவிட்டதால் சேகரிப்பு வண்டியாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பின் தொழில்நுட்பச் சோதனை 5 ஆண்டுக்கு ஒரு முறைதான். காகித வேலையில் தடை எதுவும் தெரியவில்லை.

எனவே வாங்குகிறேன். புதிய சேஸிஸை மட்டும் இப்போது வரவழைக்கப்போவதில்லை. இடப்பக்கத் தூணைச் சரி செய்வதற்கு முன், பழைய சேஸிஸ் அடியில் இருக்கும்போதே, கதவுகளைச் சாத்தியபடி கூட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து வடிவத்தைப் பூட்டிவிட வேண்டும். வருகிற சனிக்கிழமை டிரெய்லரோடு போகிறேன். வின்ச்சின் கொக்கியைச் சேஸிஸில் மாட்டுவதில்லை. முன் சக்கரக் கைகள் இரண்டிலும் பட்டை சுற்றி இழுக்கப்போகிறேன்.