மேயரின் ஒரு வாரம்: ரிப்பனுக்கும் மனுச் சீட்டுக்கும் நடுவே

மேயரின் வார நிகழ்ச்சி நிரலை வெளியிலிருந்து பார்த்தால் விழாப் பட்டியல் மாதிரி இருக்கும். பள்ளி விழா, பூங்கா திறப்பு, ரத்ததான முகாம், நினைவு நாள் மலர்வளையம், நடுவில் ஒரு மன்றக் கூட்டம். அதைத் தயாரிக்கிறவர்களுக்கு அது கணக்கு. அழைப்பிதழில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். கிளம்புமுன் குறிப்பு படிக்க 10 நிமிடம், போய்ச் சேர 25, வாசல் வரவேற்புக்கு 10, விழா 45, மேடையை விட்டு இறங்கி கார் வரை வர 20, திரும்ப 25. ஆக 135 நிமிடம், இரண்டே கால் மணி நேரம். ஒரே நாளில் இப்படி மூன்று என்றால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் போயிற்று. நாலாவதாக ஒன்றைச் செருகினால் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள்.

நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் கைவைப்பது மேடையிலிருந்து கார் வரையிலான அந்த 20 நிமிடத்தில்தான். தொடவே கூடாத இடமும் அதுதான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மேயர் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை ஊருக்கு ஊர் வேறு. நியூயார்க்கில் நிர்வாகமே மேயரின் கையில். இந்திய மாநகராட்சிகள் பெரும்பாலானவற்றில் மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கும். இங்கிலாந்தின் பல நகரங்களில் உறுப்பினர்களில் ஒருவர் ஓராண்டுக்கு மட்டும் அந்த நாற்காலியில் அமர்வார். பெரும்பாலும் சடங்குப் பொறுப்பு. பிரான்சில் மேயர் திருமணமே நடத்தி வைப்பார். அப்போது மூவர்ணப் பட்டையை அணிய வேண்டும், தோளிலிருந்து குறுக்காகப் போட்டால் நீல நிறம் கழுத்துப் பக்கம் வரும்படி. நாடாளுமன்ற உறுப்பினர் அணிந்தால் சிவப்பு கழுத்துப் பக்கம் வரும். அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டால் புகைப்படத்தில் அப்படியே நின்றுவிடும்.

எந்த வகை மேயரானாலும் வாரம் தொடங்குவது அழைப்புகளைப் பிரிப்பதில். மன்றக் கூட்டமும் சட்டப்படி இருந்தே ஆகவேண்டிய நிகழ்ச்சிகளும் முதலில் பேனாவால் எழுதப்படும். மற்றதெல்லாம் பென்சில். ‘வர முடியுமா?’ என்று கேட்கும் கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் தேதி கொடுக்கக் கூடாது. ஒரு பக்கப் படிவம் அனுப்பி நிரப்பி வாங்க வேண்டும்: மேயர் எத்தனை மணிக்கு வரவேண்டும் (விழா தொடங்கும் நேரம் வேறு, இது வேறு), எந்த வாசல், வாசலில் நிற்பவர் யார், அவருடைய கைபேசி எண், பேசவேண்டுமா வெறுமனே அமர்ந்தால் போதுமா, மேடையில் வேறு யார், பத்திரிகையாளர்கள் உண்டா, அழைக்கும் அமைப்புக்கு மாநகராட்சியில் ஏதாவது ஒப்பந்தமோ வழக்கோ நிலுவையில் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அப்படியே நம்ப வேண்டாம், அலுவலகத்திலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டெண்டர் திறக்கிற வாரத்தில் அதே ஒப்பந்ததாரர் கட்டிய கட்டடத்தில் மேயர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்துவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டாலோ பட்டியலையே கீழிருந்து மேலாக மறுபடி பார்க்க வேண்டும்.

போக முடியாததற்குத் துணை மேயரை அனுப்பலாம். ஆனால் அழைத்தவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கல்வெட்டில் ஒரு பெயர், மேடையில் ஒரு முகம் என்பதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

கல்வெட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. தேதி பொறித்த பலகைக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் நிகழ்ச்சித் தேதியை இருபக்கமும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். விழா ஒரு வாரம் தள்ளிப்போனால் கல் தள்ளிப்போகாது. பலகையை மூடும் திரையில் கயிறு சிக்குவது அடிக்கடி நடக்கிற விபத்து. வளையங்கள் கம்பியில் மாட்டிக்கொள்ளும், மேயர் இழுக்க இழுக்க மொத்தச் சட்டமும் ஆடும். கயிறே வேண்டாம். மேல் விளிம்பில் வெல்க்ரோ ஒட்டிய ஒற்றைத் துணி போதும், ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். காலையில் மூன்று முறை இழுத்துப் பாருங்கள்.

ரிப்பனிலும் இதே கதைதான். பளபளக்கும் பெரிய விழாக் கத்தரிக்கோல் பல நேரம் மொட்டையாக இருக்கும். சாட்டின் ரிப்பன் அதன் இரு அலகுக்கும் நடுவில் மடிந்து வழுக்குமே தவிர அறுபடாது. தையற்காரர்கள் வைத்திருக்கிற கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று கையில் இருக்கட்டும். விழாவுக்கு வாங்கிய அதே ரிப்பனின் துண்டில் சோதியுங்கள், வேறு துணியில் வேண்டாம். இரு பக்கமும் ஆள் பிடித்து விறைப்பாக வைத்திருந்தால்தான் ஒரே வெட்டில் விழும்.

அங்கியும் சங்கிலியும் அணியும் மேயராக இருந்தால் இன்னொரு தலைவலி உண்டு. சங்கிலி கனமானது, மெல்லிய துணியில் ஒரு தோள் பக்கமாகச் சரியும். அங்கியின் தோள்பட்டையில் உள்ளிருந்து நாடா தைத்து இரண்டு இடத்தில் கட்டிவிட்டால் நகராது. காலர் மைக்கைச் சங்கிலிக்கு அடியில் மாட்டுவதுதான் பெரிய தவறு. மேயர் மூச்சு விடும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் கிணுகிணுவென்று கேட்கும். பேச்சு மேசையில் நிற்கும் மைக்கே நல்லது. இல்லையென்றால் கையில் பிடிக்கிற மைக். சங்கிலி பெட்டியிலிருந்து வெளியே போகும்போதும் திரும்பும்போதும் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம் வேண்டாம்.

பேச்சுக்குச் சொல்ல நிறைய இல்லை. நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல், ஆக நான்கு நிமிடத்துக்கு 400. பெரிய எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும், பக்க எண் கட்டாயம், ஸ்டேப்ளர் வேண்டாம். தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் படிக்கிறவரின் தலை குனியாது. பெயர்களை விழா நடத்துபவரிடமே உச்சரிக்கச் சொல்லிக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். லண்டன் நகரின் லார்டு மேயர் பதவியேற்பை ‘மௌனச் சடங்கு’ என்பார்கள்; புதியவரின் சிறிய உறுதிமொழியைத் தவிர யாரும் பேசுவதில்லை. உரை எழுதுகிறவர்கள் பொறாமைப்படத் தக்க நிகழ்ச்சி.

மன்றக் கூட்ட நாளில் விழா எதுவும் வேண்டாம். கூட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் தீர்மானங்களைப் படிக்க. கூட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே மாலையும் காலி. பல ஊர்களில் வாக்கு சமமாக வந்தால் முடிவு செய்யும் வாக்கு மேயருடையது. நேராக ரிப்பன் வெட்டிவிட்டு வந்து உட்காருகிறவர் அந்த வாக்கைப் போடக் கூடாது.

இனி அந்த 20 நிமிடம். விழா முடிந்ததும் ஜனங்கள் சூழ்வார்கள். ஒருவர் கையில் நாலாக மடித்த தாளைத் திணிப்பார். இன்னொருவர் தெருவிளக்கு எரியவில்லை என்பார். மூன்றாமவர் ஒன்றும் எழுதி வந்திருக்க மாட்டார், வாயால் மட்டும் சொல்வார். மேயர் அத்தனை பேரிடமும் “பார்க்கிறேன்” என்பார். சொன்னவருக்கு அது “கவனிக்கிறேன்”. கேட்டவருக்கு “செய்கிறேன்”. மாநகராட்சி மேல் வரும் கோபத்தில் பாதி இந்த இடைவெளியில் பிறப்பதுதான்.

அதனால் உதவியாளர் மேயருக்கு ஒரு அடி பின்னால், இடது பக்கம், கையில் சிறு குறிப்பேட்டோடு நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு: பெயர், தொடர்பு எண், இடம் (தெருப் பெயர் போதாது, பக்கத்துக் கம்பத்தின் எண்ணோ எதிர்வீட்டு அடையாளமோ வேண்டும்), என்ன குறை, மேயர் வாயிலிருந்து வந்த சொல் என்ன. ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை மேயர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும், ‘ஆவன செய்வதாகக் கூறினார்’ என்று மெருகேற்றக் கூடாது. “பார்க்கிறேன்” என்பதற்குப் பதிலாக மேயரும் “இன்ன துறைக்கு அனுப்புகிறேன், இன்ன தேதிக்குள் பதில் வரும்” என்று சொல்லப் பழகினால் ஐந்தாவது பத்தி தானாக நிரம்பும்.

திரும்பும் வழியில் காரிலேயே சீட்டுகளைச் சரிபார்த்துவிட வேண்டும். ராத்திரிக்குள் முகமும் தெருவும் கலந்துவிடும். அன்று வந்த பரிசுப் பொருட்களையும் அதே கையோடு பதிவேட்டில் ஏற்றிவிடலாம். வார முடிவில் சீட்டுகளைத் துறை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பதில் தேதி எழுதி அனுப்புங்கள். முடியாது என்பதும் ஒரு பதில்தான், அதையும் தேதிக்குள் சொல்ல வேண்டும். அடுத்த வார டைரியைப் போட உட்காரும்போது மேசையில் முதலில் இருக்கவேண்டியது அழைப்பிதழ்க் கட்டு அல்ல. பதில் வராத சீட்டுகள். மேயர் மறுபடி அதே பகுதிக்குப் போகிறார் என்றால், அந்தப் பகுதியின் சீட்டு குறிப்பு அட்டையின் முதல் வரியில் இருக்கட்டும். வாசலில் மாலையோடு நிற்பவருக்குப் பின்னால், போன முறை தாள் கொடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.