ஓப்பின் பேப்பரால் போன இரண்டு மாதம்: ஏ9 ஓட்டத்துக்குப் பழைய கார் தேடிய அனுபவம்

ஏழாவது காரில் ஒருவழியாக முடிந்தது. அதற்கு முன் பார்த்த ஆறில் இரண்டு எஞ்சின், கியர் பழுதால் தட்டிப்போயின. ஒன்று ஹைபிரிட் (பெற்றோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த) காரின் பற்றரியால், இன்னொன்று வெள்ளத்தால். மற்ற இரண்டும் கடதாசியால். நேரத்தையும் காசையும் அதிகம் தின்றவை அந்தக் கடதாசிக் கார்கள்தான். எஞ்சின் பழுதை நல்ல மெக்கானிக் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார். கடதாசிப் பழுதைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

தேவை, ஏ9 வீதியால் வவுனியாவில் இருந்து கிளிநொச்சிக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது. ஒரு வழி ஏறத்தாழ 80 கிலோமீற்றர், நாளுக்கு 160. மாதம் 22 வேலைநாள் என்றால் 3,520. வருடத்துக்கு 42,000 தாண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா முடிவும் இதில்தான் வந்து நிற்கும்.

முதலில் பிடித்தது 2013 ரொயோற்றா அக்குவா ஒன்று, ஹைபிரிட். பார்க்க நல்ல கார். "பேப்பர் எல்லாம் கிளியர் தம்பி, சைன் வைச்சு ரெடியாக் கிடக்கு" என்றார் விற்றவர். சைன் வைத்திருந்தவர் பதிவு உரிமையாளர்தான், ஆனால் அவர் கனடாவுக்குப் போய் நாலு வருடம். அதற்குப் பிறகு கார் இரண்டு கை மாறியிருக்கிறது. வாங்கியவர்கள் யாரும் தங்கள் பெயருக்கு மாற்றவில்லை. ஓப்பின் பேப்பரோடு, அதாவது உரிமையாளர் கையெழுத்து வைத்து மற்ற இடங்களை வெறுமையாக விட்ட மாற்றப் படிவத்தோடு ஓடி, அதே பேப்பரோடு விற்றிருக்கிறார்கள். நாங்கள் முற்பணம் கொடுத்து, பெயர்மாற்ற விண்ணப்பத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்பினோம். உரிமையாளரின் கையெழுத்து கோப்பில் உள்ளதோடு ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தது. புதிதாகக் கையெழுத்து வாங்கக் கனடாவுக்கு ஆள் பிடித்தோம். அவர், "நான் எப்பவோ வித்த கார், எனக்கு ஏன் இந்தக் கரைச்சல்" என்று ஒதுங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதம் அப்படியே போனது, முற்பணத்தைத் திரும்ப எடுக்க மேலும் மூன்று வாரம்.

ஒரு விடயம் எங்களைக் காப்பாற்றியது. மீதிக் காசு பெயர் மாறிய பிறகுதான் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். முழுக்காசையும் கொடுத்திருந்தால் இன்றைக்கும் அந்தக் காரோடு நின்றிருப்போம். வன்னியில் இது சின்ன விடயம் இல்லை. எத்தனையோ வாகனங்களின் பதிவு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது காலமாகிவிட்டார். இறந்தவர் வைத்துவிட்டுப் போன கையெழுத்தில் கார் வாங்கவே வாங்காதீர்கள். அது வாரிசுப் பிரச்சினையாக மாறும்.

ஆகவே காரைப் பார்க்க முன் ஒரே கேள்வி: சீஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) பெயர் உள்ளவர் அடையாள அட்டையோடு நேரில் வருவாரா? வரமாட்டார் என்றால் அந்தப் பயணமே வேண்டாம். வந்தால், பெயர் மாற்றத்துக்கான எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 இரண்டு படிவத்தையும் உங்கள் கண்முன்னே நிரப்பி, திகதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். திகதி இல்லாத இடத்தை "பிறகு போடலாம்" என்று விடாதீர்கள். எம்.ரி.ஏ. 8 விற்றவர் அனுப்பவேண்டியது. அவர் அனுப்புவார் என்று காத்திருக்காமல் பதிவுத் தபாலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், தபால் பற்றுச்சீட்டை நீங்கள் வைத்திருங்கள். 14 நாளுக்குள் இந்த அலுவல் முடியவேண்டும்.

இரண்டாவது கடதாசிக் கார் குருநாகலில் நின்ற ஹொண்டா ஃபிற். வட்சப்பில் சீஆர் படம் வந்தது, உரிமையாளர் பெயர் சரி, சசி நம்பர் சரி. விடியக் கிளம்பிப் போய்ச் சேர்ந்து, சீஆரைக் கையில் வாங்கினால் லீசிங் கொம்பனியின் பெயர் அதில் ஏறியிருக்கிறது. அனுப்பிய படத்தில் அந்தப் பகுதி வெட்டுப்பட்டிருந்தது. கடைசித் தவணை கட்டிய ரசீதை நீட்டினார். ரசீது போதாது. கொம்பனி தன் உரிமையை நீக்கிக் கொடுக்கும் கடிதம் வேண்டும், அந்த நீக்கம் பதிவிலும் ஏறவேண்டும். அது ஏறும்வரை காரை உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. வெறுங்கையோடு திரும்பினோம், போய்வந்த பெற்றோலும் ஒரு நாள் லீவும் நட்டம். சீஆரை நாலு மூலையும் தெரிகிறமாதிரி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இனி ஹைபிரிட்டா சாதாரணமா என்ற கேள்வி. ஊரில் எல்லோரும் சொல்வது "தூர ஓட்டத்துக்கு ஹைபிரிட் எடு" என்பதுதான். இது பாதிதான் சரி. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிறேக் போடும்போதும், நின்று நின்று போகும்போதும். ஓமந்தை கடந்து புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஒரே சீராக 70இல் போகும் றோட்டில் பிறேக்குக்கு வேலை குறைவு. அக்குவா அப்போதும் நன்றாக ஓடும், மறுக்கவில்லை. அதன் எஞ்சின் அமைப்பே சிக்கனமானது. ஆனால் கொழும்பு நெரிசலில் தெரிகிற அளவு வித்தியாசம் இங்கே தெரியாது. வாகன் ஆர் போன்ற சின்ன ஹைபிரிட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 660 சீசீ எஞ்சின், மின்மோட்டார் வெறும் கைகொடுப்புத்தான். ஏசி போட்டு நாலு பேரோடு ஏ9இல் போனால் எஞ்சின் முழுநேரமும் மூச்சுப்பிடித்து ஓடும்.

லீற்றருக்கு 18 ஓடும், ஹைபிரிட் இல்லாத ரொயோற்றா விற்ஸுக்கு மாதம் 195 லீற்றர். 23 ஓடும் அக்குவாவுக்கு 153. வித்தியாசம் 42 லீற்றர், வருடத்துக்கு 500 சொச்சம். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை இலட்சம். அக்குவாவுக்குப் பதினைந்து இலட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால் அந்தக் காசு திரும்ப வரப் பத்து வருடம். அதற்கிடையில் பற்றரி போனால் கணக்கு இன்னும் பின்னுக்குப் போகும். விலை வித்தியாசம் நாலைந்து இலட்சம்தான், பற்றரியும் நல்லது என்றால் அக்குவாவை எடுங்கள், யோசிக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஏற்றிவிட்ட விலையில் இருந்து நாங்கள் தேடியபோது பழைய கார் இறங்கியிருக்கவில்லை, அதனால் விலை வித்தியாசத்தைக் கடதாசியில் எழுதிக் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அக்குவாவின் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே, 144 வோல்ட். அதைக் குளிர்விக்கும் காற்று சீற்றின் பக்கவாட்டில் உள்ள துவாரத்தால் போகிறது. இங்கே கிரவல் வீதிகளில் ஓடிய கார் என்றால் அந்த வடியும் விசிறியும் செந்தூசியால் அடைத்திருக்கும். பற்றரி சூடேறிச் சாவது இதனால்தான். நாங்கள் பார்த்த இரண்டாவது அக்குவாவில் வடியைக் கழற்றியபோது பஞ்சுபோல் வந்தது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானர் போட்டுப் பார்த்ததில் கோளாறுக் குறி ஒன்றும் இல்லை. ஆனால் காரின் சுயபரிசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டின. அப்படிக் காட்டினால் பெரும்பாலும் குறிகளைச் சற்று முன்னர்தான் யாரோ அழித்திருக்கிறார்கள் என்று பொருள். ஓடவிட்டு 25 நிமிடத்தில் பீ0ஏ80 வந்தது. பற்றரி மாற்றச் சொல்லும் குறி அது. ஆகவே ஸ்கானரைக் கொழுவிக்கொண்டே அரை மணித்தியாலமாவது ஓடுங்கள், பற்றரிக்குள் உள்ள புளொக்குகளில் ஒன்றின் வோல்ட் மட்டும் ஏற்றத்தில் தனியாகக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாப் பற்றரியும் நல்லதுதான்.

வெள்ளத்தில் நின்ற காரை வெளியில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. 2018 டிசெம்பர் போன்ற வெள்ளம் கண்ட மாவட்டங்கள் இவை. சீற் பெல்ற்றை முழுவதும் வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும், அதைக் கழுவ யாருக்கும் நினைவு வராது. சீற் நகரும் தண்டவாளத்தின் கீழ்ப்பக்கத் துரு, ஸ்பெயார் ரயர் குழியின் மூலையில் மண், கம்பளத்தைத் தூக்கினால் வரும் புழுங்கல் மணம், இவை போதும். மேலே பளபளவென்று பொலிஷ் பண்ணியிருந்த அந்தக் காரை மறுக்க ஐந்து நிமிடம்தான் எடுத்தது.

மீற்றரை நம்பவே வேண்டாம். பிறேக் மிதியின் றப்பர் வழுக்கையாகி, ஸ்ரியரிங் தோல் மினுங்குகிற காரில் 68,000 என்று காட்டினால் அது குறைத்த மீற்றர். ரயரில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். எவ்வளவு பூ மிச்சம் இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த ரயரோடு வன்னி வெயிலில் 80 கிலோமீற்றர் ஓடக்கூடாது, நாலு ரயரின் காசையும் விலையில் கழியுங்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் பார்க்கவேண்டும். போகும்போதே கார் சூடாக நின்றால், "இப்பத்தான் கடைக்குப் போட்டு வந்தனான்" என்ற பதில் வந்தால், அடுத்த நாள் காலை வாருங்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஆல்ரோ 800 அப்படித்தான் பிடிபட்டது. சூட்டில் மௌனமாக ஓடியது, காலையில் முதல் ஸ்ராட்டில் நீலப்புகை. ஆல்ரோ 800இன் எஞ்சினில் டைமிங் பெல்ற் உண்டு, அது எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். ஆல்ரோ கே10இல் செயின், அந்தக் கவலை இல்லை. நாங்கள் மறுத்த வாகன் ஆரில் எஞ்சின் நல்லது. 30, 40 வேகத்தில் மெதுவாக ஏறும்போது கார் நடுங்கியது, சீவீரீ என்ற தானியங்கி கியரின் பழுது. ஒயில் மாற்றினால் சரிவரும் என்றார்கள். ஒயில் மாற்றிச் சரிவந்தால் அவர்களே மாற்றிவிட்டு விற்கலாமே.

கடைசியில் எடுத்தது 2014 விற்ஸ், ஆயிரம் சீசீ, மூன்று சிலிண்டர், ஹைபிரிட் இல்லை. இழுவை குறைவுதான், லொறியை முந்த இடம் நிறைய விட்டுத்தான் முந்தவேண்டும். ஆனால் மாங்குளத்தில் இரவு நின்றுபோனால் எந்தக் கராஜிலும் கைவைக்கக்கூடிய கார், பாகங்களும் வவுனியாவிலேயே கிடைக்கும். உரிமையாளர் நேரில் வந்தார், சீஆரில் ஒரே பெயர். பெயர் மாற்றம் தடங்கல் இல்லாமல் முடிந்தது.

தடங்கல் வந்தது வருடாவருடம் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தில். விற்றவருடைய பத்திரம் காலாவதியாகி நிலுவையும் தண்டமும் இருந்தன, விலை பேசும்போது நாங்கள் அந்தத் திகதியைக் கவனிக்கவில்லை. புகைச் சோதனையிலும் முதல் தடவை தவறியது. காற்று வடியைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறம். வடியும் மூன்று பிளக்கும் மாற்றி, எஞ்சின் ஒயிலும் புதிதாக விட்டு, நன்றாகச் சூடேற ஓமந்தைவரை ஓட்டிக்கொண்டு போய்ச் சோதித்தோம், தேறியது. பத்திரம் தரும் அலுவலகத்தில் முதல் நாள் ஒரு பிரதி குறைவு என்றார்கள், அடுத்த நாள் இன்னொன்று. முதல் தடவையே முழுப் பட்டியலையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். காப்புறுதி, புகைச் சான்றிதழ், பழைய பத்திரம், சீஆர், அடையாள அட்டை எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கையில் இருக்கட்டும்.

மாதம் 3,500 ஓடும் காருக்கு 5,000 கிலோமீற்றர் ஒயில் என்பது ஆறு கிழமைக்கு ஒரு தடவை. இந்த எஞ்சினுக்கு மூன்று லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும். இடையில் வாரம் ஒருமுறை குச்சியை இழுத்துப் பாருங்கள், ஒயில் குறைந்து ஓடினால் மூன்று சிலிண்டர் எஞ்சின் தாங்காது. காற்று வடியைக் கிரவல் வீதியில் ஓடிய ஒவ்வொரு மாதமும் தட்டுங்கள். மார்கழி மழையில் மாடுகள் காய்ந்த இடம் தேடி ஏ9 தாரில் வந்து படுக்கும். மஞ்சள் பூத்த ஹெட்லைற்றோடு அந்த நேரம் ஓடவேண்டாம், மழைக்கு முன்னரே தேய்த்து மினுக்குங்கள்.

வேகத்தையும் அளந்து பார்த்தோம், தாங்கியை முட்ட நிரப்பி அடுத்த நிரப்பல் வரை. 90இல் ஓடிய வாரம் லீற்றருக்கு பதினைந்தரை. சட்டம் சொல்கிற 70இல், ஊர்மனைக்குள் 50இல் ஓடிய முதல் முழு மாதம் 3,480 கிலோமீற்றருக்கு 186 லீற்றர், அதாவது 18.7.