நெட் ஆங்கிலத் தாள்: கவிஞர்களைக் கடிதங்கள் வழியே படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் முடிவில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. முதல் தாள் காலை வாரியதால் ஜே.ஆர்.எப். எனும் ஆய்வு உதவித்தொகை கைநழுவியது. ஆனால் இரண்டாம் தாளின் காலவரிசை வினாக்களும் பொருத்துக வினாக்களும் என்னைக் கைவிடவில்லை. வழிகாட்டி நூல்களின் ஆண்டுப் பட்டியல்களை மூடிவைத்துவிட்டு, கவிஞர்களின் நட்பையும் கடிதங்களையும் பின்தொடர்ந்ததே அதற்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் பிராஸ்ட், பிரிட்டிஷ் எழுத்தாளர் எட்வர்ட் தாமஸ் இருவரின் நட்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்த பிராஸ்ட், 1913 அக்டோபரில் லண்டனில் தாமஸைச் சந்தித்தபோது, தாமஸ் மதிப்புரைகளும் உரைநடை நூல்களும் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1914 கோடையில் குளோஸ்டர்ஷயரின் டைமாக் பகுதியில் அருகருகே தங்கி, வயல்வெளிகளில் நடந்தபடியே இருவரும் பேசினார்கள். உரைநடைக்குள்ளேயே கவிதை இருப்பதைப் பிராஸ்ட் எடுத்துச்சொல்லி வற்புறுத்த, அவ்வாண்டு டிசம்பரில் தாமஸ் கவிதை எழுதத் தொடங்கினார்.

1915 பிப்ரவரியில் பிராஸ்ட் அமெரிக்கா திரும்பிய பின் கடிதங்கள்தாம். எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று அங்கலாய்ப்பது தாமஸின் இயல்பு. அதைக் கேலிசெய்து எழுதிய 'தி ரோடு நாட் டேக்கன்' கவிதையைப் பிராஸ்ட் அவருக்கே அஞ்சலில் அனுப்பினார். தாமஸோ அதில் கேலியைக் காணவில்லை. பிராஸ்ட் விளக்கிய பிறகும், எப்படிச் சிரிக்க வேண்டுமென்று சொல்லித்தராமல் எவருக்கும் இது பிடிபடாது என்றே மறுமொழி எழுதினார். இன்றைக்கும் அக்கவிதையைத் தன்னம்பிக்கைப் பாடமாக அச்சிடும் வழிகாட்டி நூல்களைப் பார்த்தால், தாமஸ் சொன்னது எவ்வளவு சரி என்று தெரியும்.

இந்த ஒரு நட்பிலிருந்து குறித்துவைத்தவை:
- பிராஸ்டின் கவிதைத் தொகுதிகள்: 'எ பாய்ஸ் வில்' 1913, 'நார்த் ஆஃப் பாஸ்டன்' 1914. இரண்டும் முதலில் லண்டனில் வெளிவந்தவை.
- பிராஸ்டின் 'மவுண்டன் இன்டர்வல்' 1916.
- தாமஸின் புனைபெயர் எட்வர்ட் ஈஸ்டவே.
- முதல் உலகப் போரில், பிரான்சின் அராஸ் சண்டையில் தாமஸ் மறைவு, 9 ஏப்ரல் 1917. அவ்வாண்டே வெளியான 'போயம்ஸ்' பிராஸ்டுக்குக் காணிக்கை.

குழுவாகப் படிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. தனியே உட்கார்ந்து மெதுவாகப் படிக்கும் என் போன்றவர்களுக்கே ஏற்றது. அடுத்ததாக, 1917இல் எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சந்தித்துக்கொண்ட போர்க்கவிஞர்கள் வில்ஃபிரட் ஓவன், சீக்ஃபிரீட் சசூன் இருவரையும் இதேபோல் படியுங்கள். ஓவனின் 'ஆன்தம் ஃபார் டூம்ட் யூத்' கவிதையின் கையெழுத்துப் பிரதியில் சசூன் செய்த திருத்தங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், ஓவனின் கவிதைகளை 1920இல் பதிப்பித்தவர் யார் என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிராது.