தாத்தாவுக்குச் சொன்ன ஏரி

2025 மே 4, ஞாயிறு. காசிமேடு

கத்திரி தொடங்கிய நாளில் வந்து இறங்கியிருக்கிறேன். பின்னிரவு மூன்று மணிக்கு ஆட்டோ தெருமுனையில் நின்றதுமே கருவாட்டு வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து அடித்தன. மூன்று வாரமாக மூக்கு மறந்திருந்த வாசம். பதினொரு கிலோ பையை வாசலில் இறக்கினேன். ஆயா பையைப் பார்க்கவில்லை, என் மூக்கைத்தான் பார்த்தாள். தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

"குளுரு ஊருக்குப் போறேன்னுதானே சொன்ன? இன்னாடி இது, காஞ்ச வாளை மாரி வந்துகிற?"

நான் போய்வந்த டிடிகாக்கா ஏரி தென் அமெரிக்காவில், பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. தொட்டபெட்டா உச்சிக்குப் போய், அதற்கு மேலும் 1,175 மீட்டர் ஏறினால்தான் அந்தத் தண்ணீரைத் தொட முடியும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 16 பாகை. நாம் வடக்கே 13. வெயில் நம்மூர் வெயில்தான், அதைத் தடுக்கிற காற்றுதான் கம்மி. வெளியே நின்றால் தோல் வேகும், நிழலுக்குள் போனால் பல் கிட்டும்.

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். எண்பத்திரண்டு வயது. நாற்பது வருஷம் மரம் ஏறியவர். எங்கள் பக்கம் கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வோம். விமானம் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

"நல்ல தண்ணிதான் தாத்தா. ரொம்ப லேசா கரிக்கும்."

"எத்தினி பாகம்?"

போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். ஒரு பாகம் ஆறடி. "154 பாகம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ்ளோ ஒசரத்துல அவ்ளோ ஆழமா" என்று மெதுவாகச் சொன்னார்.

அங்கே இருந்த நாள் முழுக்க அந்த ஆழம் எனக்கு வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இனி தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் அவர் கேட்கட்டும், நான் சொல்கிறேன், இரவில் இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 5, திங்கள்

அலுவலகம். பகல் முழுக்கத் தூக்கம் கண்ணைச் சுற்றியது. ஏரிக்கரை ஊரான புனோவில் முதல் இரண்டு நாளும் இப்படித்தான், ஆனால் காரணம் வேறு: அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், காசிமேட்டில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. விடுதியின் பதினெட்டுப் படி ஏறினால் நெஞ்சு தம்பட்டம் அடித்தது. கோக்கா இலை போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். அங்கே போகிறவர்கள் முதல் இரண்டு நாளில் எங்கேயும் நடக்கக் கூடாது. நடந்தால் மூன்றாம் நாளும் போய்விடும்.

தாத்தாவுக்கு யாவரி கப்பலின் கதை சொன்னேன். பெரு அரசு இங்கிலாந்தில் செய்யச் சொன்ன நீராவிக் கப்பல். 1862-ல் துண்டு துண்டாகக் கடற்கரையில் வந்து இறங்கியது. அங்கிருந்து கோவேறு கழுதை முதுகில் ஆண்டீஸ் மலையேறி, 1870 கிறிஸ்துமஸ் அன்றுதான் ஏரியில் இறங்கியது. அந்த உயரத்தில் கரி ஏது? லாமா என்ற சுமை விலங்கின் காய்ந்த சாணத்தை எரித்துத்தான் ஓடியது.

"வரட்டியிலயா கப்பல் ஓட்னாங்க?" ஆயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மே 7, புதன்

இன்று உரோஸ் தீவுகள். தாத்தாவிடம் இதைச் சொல்லத்தான் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரியோரம் முழுக்க தொத்தோரா என்ற கோரை வளர்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டும். அதன் வேர்ப்பகுதி மண்ணோடு பின்னிக்கொண்டு மெத்தை போலாகி, தானாகவே மிதக்கும். அதைப் பாளம் பாளமாக அறுத்து, ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, மேலே அறுத்த கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினால் தீவு. அதன் மேல் குடிசை, அடுப்பு, பிள்ளைகள். கால் வைத்தால் அமுங்கி எழும். அடியில் அழுகிக்கொண்டே இருக்கும், அதனால் மேலே புதுக் கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தீவு போய்விடும்.

"நங்கூரம்?"

"கம்பு நட்டுக் கயித்துல கட்டிருக்காங்க. இல்லாட்டி காத்துக்குப் பொலிவியா பக்கம் போயிடுமாம்."

நாங்கள் போன தீவில் ஒரு பெண் கோரையை உரித்து அடித்தண்டைத் தின்னக் கொடுத்தாள். வெள்ளையாக, தண்ணீர்ச் சத்தோடு, வெள்ளரிக்காய் போல. தீவும் அதுதான், வீடும் அதுதான், படகும் அதுதான், பசித்தால் தின்பதும் அதுதான். அவர்களின் சொந்த மொழியைப் பேச மட்டும் இன்று அங்கே ஆளில்லை, அய்மாரா பேசுகிறார்கள். நாங்கள் படகேறும்போது வரிசையாக நின்று பாடினார்கள். அடுத்த படகு ஏற்கெனவே காத்திருந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்தவள் என்ற எண்ணம் அப்போது மனத்தை உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

கோரைப் படகு எத்தனை நாள் வரும் என்று தாத்தா கேட்டார். ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருஷம். அவர் தலையாட்டினார்.

"தண்ணி குடிக்கும்ல. மரமும் அப்டித்தான் கண்ணு. முழுவாது, அல மேல போனாலும் கீழ எறங்கிடும். ஆனா குடிக்கும். குடிச்ச மரத்த ரெண்டு பேரு சேந்தாலும் இஸ்துகினு வர முடியாது. அதுக்குத்தான் கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து, ஒவ்வொரு மரமா மணல்ல காயப் போடுறது."

தாத்தாவின் மரம் 2004 டிசம்பர் 26-ல் போனது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஃபைபர் படகு. அவர் அதில் ஏறவே இல்லை.

மே 8, வியாழன்

ஆயாவின் முறை. இன்னா துன்ன, சோறு கெடச்சுதா?

கிடைத்தது, வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு கொதிக்கும், கொதிக்கும், நடுவில் அரிசி அரிசியாகவே நிற்கும். அங்கே ராஜா உருளைக்கிழங்குதான். அமந்தானி தீவில் நான் தங்கின வீட்டில் மூன்று வேளையும் கிழங்கு, கினோவா தானிய சூப், பிறகு முன்யா என்ற மூலிகை போட்ட வெந்நீர். புதினாவுக்குச் சொந்தம் போல ஒரு மணம்.

சுன்யோ பற்றிச் சொன்னபோது ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஜூன், ஜூலை மாத உறைபனியில் சின்னக் கிழங்குகளை ராத்திரி வெட்டவெளியில் பரப்பி வைப்பார்கள். இரவில் உறையும், பகல் வெயிலில் இளகும். இளகினதைக் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து தோலை எடுப்பார்கள். நாலைந்து நாள் இப்படியே செய்தால் கல் போல, எடையே இல்லாத கறுத்த உருண்டை. வருஷக்கணக்கில் கெடாது.

"அக்காங், இது கருவாடு தானே!" முப்பது வருஷம் கருவாடு காயப்போட்டு விற்றவள். "நாம உப்பு போடுறோம், அவுங்களுக்குப் பனியே உப்பு." நான் கொண்டுவந்திருந்த, எலும்பு போல உலர்ந்த இரண்டு உருண்டையைக் கையில் உருட்டி, மோந்து பார்த்து, ஒன்றைக் கடித்தும் பார்த்தாள். மீதியை உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

மே 10, சனி

தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. நைனா காலையிலிருந்து நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தக்கீலே தீவைப் பற்றிச் சொன்னேன்.

அங்கே பின்னுவது ஆண்கள். தெருவில் நடந்துகொண்டே, ஆட்டைப் பார்த்துக்கொண்டே, ஐந்து ஊசியில் குல்லாய் பின்னுகிறார்கள். கல்யாணமானவனுக்கு முழுச் சிவப்பு, ஆகாதவனுக்கு மேல் பாதி வெள்ளை. நெருக்கமாகப் பின்னத் தெரியாத பையனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களாம். அந்தத் தீவின் நெசவை 2005-ல் யுனெஸ்கோ மானுடத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தது.

நைனாவுக்கு வாங்கிவந்த சிவப்புக் குல்லாயைக் கொடுத்தேன். இந்த வெயிலில் தலையில் வைக்கவா முடியும்? உள்பக்கம் திருப்பி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், விரலால் கண்ணியை எண்ணினார். "ஒரு கண்ணிகூட தப்பல" என்றார். நைனா ஒருவரின் கைவேலையைப் பாராட்டி நான் கேட்பது அபூர்வம்.

மாடியில் தாத்தா வானத்தைப் பற்றிக் கேட்டார். அமந்தானியில் ராத்திரி பாத்திரத்துத் தண்ணீர் ஊசி ஊசியாக உறையும் குளிரில், போர்வையோடு முற்றத்தில் நின்று பார்த்தேன். இங்கே தெற்கே தாழ்வாக நிற்கும் சிலுவை வெள்ளி, அங்கே பாதி வானம் வரை ஏறி நிற்கிறது. வடக்கு வெள்ளி இல்லவே இல்லை. அது அங்கே எந்நாளும் அடிவானத்துக்குக் கீழே.

"வடக்கு வெள்ளி இல்லாம எப்டி கரை புடிப்பாங்க?"

"சுத்தி மலைதான் தாத்தா. ரெண்டு மலைய சேத்துப் பாத்து வருவாங்க."

"அது சரி. நாங்களும் பரங்கிமலையத்தான் பாப்போம்" என்றார். திருப்தி ஆகிவிட்டது.

மே 11, ஞாயிறு

ஏரியின் பொலிவியாக் கரையில் இருக்கும் கோப்பகபானாவுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. எதிர்பார்த்துப் போகவில்லை. பொலிவியாவின் லா பாஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் நடந்தே வந்திருந்தார்கள் ஜனங்கள். பையன்கள், கிழவிகள், முதுகில் குழந்தை கட்டிய தாய்மார்கள். என் பை கனத்ததை அங்கே மறந்தேன். கோயிலில் இருக்கும் மாதா சிலையை, ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தை ஆண்ட இன்கா வம்சத்து ஃபிரான்சிஸ்கோ தீட்டோ யுபாங்கி செதுக்கினார். 1583-ல் அங்கே வந்தது. கறுத்த முகம். ராத்திரி மெழுகுவத்தியோடு கூட்டம் கல்வாரி மலை ஏறியது. வேளாங்கண்ணிக்கு நடக்கும் ராயபுரத்துக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. கோயில் வாசலில் வண்டிக்கெல்லாம் பூமாலை சுற்றி மந்திரிப்பதும் உண்டு.

மறுநாள் சூரியன் தீவு. சூரியனே பிறந்த இடம் என்று இன்காக்கள் சொன்ன தீவு. மோட்டார் வண்டி கிடையாது. சாமான் எல்லாம் கழுதை மேல். தோணித்துறையிலிருந்து இன்கா காலத்துப் படிக்கட்டு நெட்டுக்குத்தாக ஏறுகிறது. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றேன். மேட்டு வழியில் நடக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், கிழக்கே பனிமலை வரிசை. அந்த நடையைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

தாத்தாவைப் பேசவிடாமல் செய்தது வேறு. பொலிவியாவுக்குக் கடல் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1879-ல் சிலியோடு தொடங்கிய போரில் கரை முழுவதும் போனது. ஆனாலும் கடற்படையைக் கலைக்கவில்லை, ஏரியில் வைத்திருக்கிறார்கள். தீகினா நீரிணையில் எங்கள் பஸ்ஸை மரத் தெப்பத்தில் ஏற்றி அக்கரை சேர்த்தபோது, கரையில் கடற்படை முகாமையும் மாலுமிச் சீருடையில் பையன்களையும் பார்த்தேன். ஒவ்வொரு மார்ச் 23-ம் கடல் நாள்.

"நூத்தம்பது வருஷமாச்சா, இன்னும் நெனச்சிகினு கீறாங்களா" என்றார். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார்.

மே 14, புதன்

எண்ணூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். ஆற்றில் இறால் பிடிப்பவர். ஏரியில் மீன் எப்படி என்று அவர்தான் கேட்டார்.

எனக்குத் தட்டில் வந்ததெல்லாம் ட்ரவுட். அது அந்த ஏரி மீனே அல்ல. போன நூற்றாண்டில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. உள்ளூர் மீன் கராச்சி, விரல் நீளம், முள் அதிகம், ருசியும் அதிகம். ஏரிக்கே உரிய ஒரு தவளையும் உண்டு. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், அந்தத் தோலாலேயே தண்ணீரிலிருந்து மூச்செடுக்கும். தோலால் மூச்சு விடுகிற ஜீவனுக்குத் தண்ணீர் கெட்டால் போக்கிடம் ஏது? 2016-ல் ஏரியில் விழும் கோவாத்தா ஆற்றில் சுமார் 10,000 தவளைகள் செத்து மிதந்தன. புனோ கரையோரம் ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்தில் பச்சைப் பாசி விரித்துக் கிடப்பதை நானே பார்த்தேன்; படகுத் துடுப்பு அதைக் கிழித்துக்கொண்டுதான் போனது.

சித்தப்பா தன் முழங்கையைத் தடவினார். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது, வெறும் கையால் அள்ளி அள்ளி அங்கே புண்ணானது. அலையாத்தி வேரில் கறுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார். எட்டாத மலை உச்சியிலும் இதுதானா என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தண்ணீரில் இறங்கிப் பிழைக்கிறவர்களை யாருமே கேட்பதில்லை, அங்கேயும் இங்கேயும்.

மே 17, சனி

பையில் கடைசியாக இருந்ததை இன்று எடுத்தேன். தீகினாவைத் தாண்டி, ஏரியின் சின்னப் பகுதிக் கரையில் வாங்கிய ஒரு முழ நீளக் கோரைப் படகு.

அந்தப் பக்கத்துச் சுரிக்கி தீவில் படகு கட்டுகிற அய்மாரா ஆட்கள் நான்கு பேரை நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் மொராக்கோவுக்கு அழைத்துப் போனார். 1969-ல் அவருடைய முதல் கோரைக் கப்பல் அட்லாண்டிக்கில் குலைந்துபோயிருந்தது. அந்த நான்கு பேர் கட்டிக் கொடுத்த இரண்டாவது கப்பல் 1970-ல் சாஃபி துறையிலிருந்து கிளம்பி, 57 நாளில் பார்படோஸ் தீவில் கரை சேர்ந்தது.

"கடல்ல தொழில் பண்ணாதவன் கட்னதா கடல தாண்டிச்சு?" தாத்தா படகைக் கையில் வாங்கினார். புரட்டினார். நகத்தால் கயிற்றை நெம்பினார். "இதுல ரெண்டு கட்டுதான் தெரியுது. ரெண்ட மட்டும் இஸ்து கட்னா நடுவுல வெலகும். உள்ள இன்னாவோ கீது."

நான் தடுப்பதற்குள் அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரே கயிறு, சுருள் சுருளாக முனையிலிருந்து முனைவரை. அவிழ்ந்து முடிந்ததும் நடுவில் விரல் தடிமனில் மூன்றாவது கட்டு ஒன்று வெளியே வந்தது. இடப்பக்கத்துக் கட்டும் வலப்பக்கத்துக் கட்டும் தனித்தனியாக அதோடுதான் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. இறுக்க இறுக்க இரண்டும் அதை விழுங்கிக்கொண்டு ஒன்றாகிவிடும்.

"தொ, பாரு" என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன.

மே 18, ஞாயிறு

நேற்று ராத்திரி பதினொரு மணிவரை தாத்தாவும் நைனாவும் உட்கார்ந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். பழைய கயிறு நைந்துவிட்டதால் வலைநூல். மூக்கு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி நின்றது. ஆயாவின் பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டோம். சாயவில்லை.

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். படகைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மூக்கு மேலாக, கைப்பிடிச் சுவரில் சாய்த்து வெயிலில் நிறுத்தியிருந்தார் தாத்தா. அடியில் ஈரம் சொட்டி, தரையில் சின்னதாக ஒரு வட்டம்.